பட்டிமன்றம் வேண்டாம், செனட் நடத்துங்கள்: 1898 பாரிஸ் உடன்படிக்கையை வகுப்பறையில் விவாதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"பிலிப்பைன்ஸை அமெரிக்கா எடுத்துக்கொண்டது சரியா, தவறா?" என்று தலைப்புக் கொடுத்து மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்தால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானே அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். பத்தாவது நிமிடத்தில் எல்லோரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். அடுத்தவர் நாட்டைப் பிடிப்பது தவறு என்பதில் இன்று யாருக்குச் சந்தேகம்? ஒட்டிப் பேச வேண்டியவர்கள் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசினார்கள். வெட்டிப் பேசியவர்கள் எளிதாகக் கைதட்டல் வாங்கினார்கள். நடுவர் நாற்காலியில் இருந்த நான், இரு தரப்பும் அருமை என்று வழக்கமான பூசி மெழுகலைச் செய்துவிட்டு எழுந்தேன்.

உண்மையில் 1899 பிப்ரவரி 6 அன்று வாஷிங்டனில் அமெரிக்க மேலவையான செனட்டின் 84 உறுப்பினர்கள் முன் இருந்த கேள்வி வேறு. 1898இல் ஸ்பெயினுடன் போரிட்ட அமெரிக்கா, அதே ஸ்பெயினுடன் கையெழுத்திட்ட ஒரு காகிதம் மேசையில் கிடக்கிறது. அதே காகிதம் போரை முடிக்கிறது. அதே காகிதம் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளையும் கொண்டுவருகிறது. ஆம் என்றால் இரண்டும் வரும், இல்லை என்றால் இரண்டும் போகும். அன்று 57 பேர் ஆம் என்றார்கள், 27 பேர் இல்லை என்றார்கள். இந்த நெருக்கடிக்குள் மாணவர்களைக் கொண்டுபோய் உட்கார வைப்பது எப்படி என்பதைப் பல முறை நடத்திப் பார்த்து, சொதப்பி, திருத்திய முறையைக் கீழே எழுதுகிறேன். கல்லூரி வகுப்புக்கும் மேல்நிலை வகுப்புக்கும் பொருந்தும். வாசகர் வட்டத்திலும் நடத்தலாம். 30 பேர் இருந்தால் நலம். தயாரிப்புக்கு இரண்டு வாரம், நிகழ்வுக்கு இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

முதல் படி: உடன்படிக்கையைச் சொத்துப் பத்திரம் போல வாசியுங்கள்

பெரும்பாலான விவாதங்கள் உடன்படிக்கையைப் படிக்காமலேயே நடக்கின்றன. மொத்தம் 17 ஷரத்துகள்தான். அவற்றில் ஐந்தை அச்செடுத்துக் கொடுத்து, பத்திரப் பதிவு அலுவலகத்தில் நாம் காட்டும் கவனத்தோடு வாசிக்கச் சொல்லுங்கள்.

முதல் ஷரத்தில் ஸ்பெயின் கியூபா மீதுள்ள உரிமையைத் துறக்கிறது. துறக்கிறது, அவ்வளவுதான், யாருக்கு என்று இல்லை. இரண்டாம் ஷரத்தில் போர்ட்டோ ரிக்கோவையும் குவாமையும், மூன்றாம் ஷரத்தில் பிலிப்பைன்ஸ் தீவுக்கூட்டத்தையும் அமெரிக்காவிடம் ஒப்படைக்கிறது. வினைச்சொல் மாறிவிட்டது. நம் ஊர் மொழியில் சொன்னால், முதல் ஷரத்து பெறுபவர் பெயரே எழுதாத விடுதலைப் பத்திரம். மூன்றாவது கிரையப் பத்திரம்; விலைகூட அதிலேயே இருக்கிறது, 2 கோடி டாலர். ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறிக்கொண்ட மூன்று மாதத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்று தவணையும் போட்டிருக்கிறது. நான் இந்த ஒப்புமையைச் சொன்னதும், சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த மாணவர் ஒருவர் உடனே கேட்டார்: "விற்றவர் கையில் சொத்து இருந்ததா?" அந்த ஒரு கேள்விக்காகவே ஒரு வகுப்பு ஒதுக்கலாம். பாரிஸில் கையெழுத்தான 1898 டிசம்பர் 10 அன்று மணிலா நகரம் அமெரிக்கப் படையிடம் இருந்தது. நகருக்கு வெளியே, மணிலா இருக்கும் லூசோன் தீவின் பெரும்பகுதி, விடுதலைப் போராட்டத் தலைவர் எமிலியோ அகினால்டோவின் பிலிப்பினோ படையிடம் இருந்தது. விற்ற ஸ்பெயினின் கையில் அந்தத் தீவில் மிச்சம் இருந்தது சொற்பம்.

கியூபாவுக்கு மட்டும் ஏன் வேறு வினைச்சொல்? 1898 ஏப்ரலில் போர்த் தீர்மானம் நிறைவேறியபோது, கியூபாவைத் தனதாக்கிக்கொள்ளும் எண்ணம் அமெரிக்காவுக்கு இல்லை என்று கொலராடோ செனட்டர் டெல்லர் கொண்டுவந்த திருத்தம் அதில் சேர்ந்திருந்தது. அது கியூபாவைப் பற்றி மட்டும் பேசியது. பிலிப்பைன்ஸைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

நான்காம் ஷரத்து ஸ்பெயின் கப்பல்களுக்கும் சரக்குகளுக்கும் பத்தாண்டுகள் பிலிப்பைன்ஸ் துறைமுகங்களில் அமெரிக்கருக்கு இணையான சலுகை தருகிறது. வணிகம் பற்றிப் பேசப் போகும் அணிக்கு இது உதவும். முக்கியமானது ஒன்பதாவது. தீவுகளின் பூர்வகுடிகளுக்கு என்ன குடியுரிமை, என்ன அரசியல் நிலை என்பதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பிற்பாடு தீர்மானிக்கும் என்கிறது அது. 1803இல் லூசியானாவை வாங்கியபோது, அங்கிருப்பவர்கள் ஒன்றியத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள் என்ற உறுதி ஒப்பந்தத்திலேயே இருந்தது. இங்கே அது இல்லை. இந்த இல்லாமையைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லுங்கள்.

மூன்றாம் ஷரத்தில் விற்கப்படும் பகுதியின் எல்லை அட்சரேகை, தீர்க்கரேகைகளாகச் சொல்லப்பட்டிருக்கும். வடக்கே 20ஆவது அட்சரேகை, கிழக்கே 127ஆவது தீர்க்கரேகை, தெற்கே 4 பாகை 45 கலை என்று போகும். சுவரில் பிலிப்பைன்ஸ் வரைபடத்தை ஒட்டி, குண்டூசி குத்தி, நூலால் அந்த எல்லையைக் கட்ட இரண்டு பேரை ஏவுங்கள். தென்மேற்கு மூலையில் எல்லை படிக்கட்டு போல மடியும். அங்கே கவனம் வேண்டும். கட்டிய நூல் கடைசி நாள் வரை அப்படியே இருக்கட்டும்.

இரண்டாம் படி: சுவரில் தேதிகளை ஒட்டுங்கள்

காரணகாரியத்தை விளக்குவதைவிடத் தேதிகளை வரிசையாகத் தொங்கவிடுவது இங்கே அதிகம் பலன் தரும். நான் ஒட்டுபவை இவை:

1898 பிப்ரவரி 15: ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்ன் வெடிக்கிறது, 260க்கும் மேற்பட்டோர் பலி.
மே 1: மணிலா விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூவி, ஸ்பெயின் கடற்படையை அழிக்கிறார்.
ஜூன் 12: கவீத்தில் அகினால்டோ பிலிப்பைன்ஸின் விடுதலையை அறிவிக்கிறார்.
ஜூலை 7: ஹவாய், ஒப்பந்தம் வழியாக அல்லாமல், இரு அவைகளின் கூட்டுத் தீர்மானம் மூலம் இணைக்கப்படுகிறது.
ஆகஸ்ட் 12: வாஷிங்டனில் போர்நிறுத்தம் கையெழுத்தாகிறது.
ஆகஸ்ட் 13: மணிலா அமெரிக்கர் வசமாகிறது.
டிசம்பர் 10: பாரிஸில் உடன்படிக்கை.
1899 ஜனவரி 4: உடன்படிக்கை செனட்டுக்கு வருகிறது.
ஜனவரி 23: மலோலோஸில் பிலிப்பைன்ஸ் குடியரசு பதவியேற்கிறது.
பிப்ரவரி 4: மணிலா புறநகரில் துப்பாக்கிச் சூடு.
பிப்ரவரி 6: வாக்கெடுப்பு.

ஆகஸ்ட் 12ஐயும் 13ஐயும் யாராவது பார்த்துவிட்டுக் கை தூக்குவார்கள். போர்நிறுத்தத்துக்கு மறுநாள் நகரைப் பிடித்திருக்கிறார்களே? ஆம். தந்திக் கம்பி வெட்டப்பட்டிருந்ததால் செய்தி மணிலாவுக்குப் போய்ச் சேரவில்லை. பிடிபட்ட நகரம் யாருடையது என்பது பாரிஸ் பேச்சுவார்த்தையில் பெரிய இழுபறியாக இருந்தது. 2 கோடி டாலர் முளைத்தது அந்த இழுபறியில்தான்.

மணிலாவுக்கு இது புதிதல்ல என்பது என் கிளைக்கதை. 1762இல் சென்னையிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் படை, கம்பெனிச் சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டுபோய் அக்டோபரில் மணிலாவைப் பிடித்தது. அந்தச் செய்தி ஐரோப்பாவை எட்டுவதற்குள் 1763 பாரிஸ் உடன்படிக்கையே கையெழுத்தாகிவிட்டது. பட்டியலில் பெயர் இல்லாத வெற்றிகளைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதிப்படி நகரம் ஸ்பெயினிடம் திரும்பியது. அந்த முறை தாமதமான செய்தியால் மணிலா ஸ்பெயினுக்குத் திரும்பக் கிடைத்தது. 136 ஆண்டு கழித்துத் தாமதமான செய்தியால் கைவிட்டுப் போனது. சென்னை மாணவர்கள் இந்தக் கதையைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

மூன்றாம் படி: நாற்காலிகளைப் பங்கிடுங்கள்

உடன்படிக்கைக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இதுதான் ஆட்டத்தின் உயிர். 30 பேரில் 24 பேரைச் செனட்டர்களாக்குங்கள். 16 வாக்கு கிடைத்தால் நிறைவேறும். 9 பேர் எதிர்த்தால் விழும். தொடக்கத்தில் 14 பேருக்கு ஆதரவுச் சீட்டு, 7 பேருக்கு எதிர்ப்புச் சீட்டு, 3 பேருக்கு வெற்றுச் சீட்டு. கணக்கைப் பாருங்கள்: அந்த மூவரில் இருவரை யார் இழுக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. அன்றைய செனட்டும் ஏறக்குறைய இப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆதரவுப் பக்கத்தில் தலைமை ஹென்றி கேபட் லாட்ஜ். மாசசூசெட்ஸ், குடியரசுக் கட்சி, கறார் பேர்வழி. அரசியல் சாசன வாதத்துக்குக் கனெக்டிகட்டின் ஆர்வில் பிளாட். மின்னசோட்டாவின் நூட் நெல்சன், நார்வேயில் பிறந்து சிறு பிள்ளையாக அமெரிக்கா வந்தவர். டெலவேரின் ஜார்ஜ் கிரே சுவையான பாத்திரம்: ஜனநாயகக் கட்சிக்காரர், பாரிஸ் தூதுக்குழுவில் இருந்தவர், பிலிப்பைன்ஸை எடுப்பதை அங்கே எதிர்த்தவர், பிறகு தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கே ஆதரவாக வாக்களித்தவர். நல்ல நடிகருக்குக் கொடுங்கள்.

எதிர்ப்பில் முதல் நாற்காலி ஜார்ஜ் ஹோர். அவரும் மாசசூசெட்ஸ், அவரும் குடியரசுக் கட்சி. 72 வயது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ரோஜர் ஷெர்மனின் மகள்வழிப் பேரன். ஆளப்படுவோரின் சம்மதம் பற்றி அவர் பேசியபோது அது அவருக்குக் குடும்பச் சொத்து போலவும் இருந்தது. இறுதியில் குடியரசுக் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர்கள் இவரும் மெய்ன் மாநிலத்தின் யூஜின் ஹேலும்தான். அடுத்து மிசூரியின் ஜார்ஜ் வெஸ்ட், எதிரணியை ஒருங்கிணைத்த மேரிலாந்தின் ஆர்தர் கோர்மன், கரும்பு விளையும் லூசியானாவின் டானல்சன் காஃப்ரி, தென் கரோலினாவின் பெஞ்சமின் டில்மன்.

வெற்றுச் சீட்டுக்காரர்களில் ஒருவர் லூசியானாவின் சாமுவேல் மெக்எனரி, இன்னொருவர் தென் கரோலினாவின் ஜான் மெக்லாரின். இருவரும் ஜனநாயகக் கட்சி. இருவரும் கடைசி நேரத்தில் ஆதரவுக்குச் சாய்ந்தவர்கள். பதவிகளும் சலுகைகளும் காட்டி ஆள் பிடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே இருந்தது. இடைவேளையில் நடைபாதையில் பேரம் பேச அனுமதி கொடுங்கள். நம் மாணவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீதி ஆறு பேர்: அவைத் தலைவர், இரண்டு நிருபர்கள், தந்தி கொண்டுவருபவர், வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், ஃபெலிப்பே அகோன்சில்யோ.

பிரையன் செனட்டர் அல்லர். 1896இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று தோற்றவர். விரிவாக்கத்தை எதிர்ப்பவர். ஆனாலும் ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிடுங்கள் என்று தன் கட்சிக்காரர்களிடம் சொன்னார். முதலில் போர் முடியட்டும். மூன்றில் ஒரு பங்கை வைத்துத் தடுப்பதைவிட, பிறகு பெரும்பான்மையை வைத்துத் தீவுகளுக்கு விடுதலை கொடுப்பது எளிது என்பது அவர் கணக்கு. அவர் அவையில் பேசக் கூடாது, நடைபாதையில் மட்டும்.

அகோன்சில்யோ, அகினால்டோவின் தூதர். பாரிஸில் அவரைப் பேச்சுவார்த்தை அறைக்குள் விடவில்லை. வாஷிங்டனிலும் அவரைத் தூதராக ஏற்கவில்லை. வெளியுறவுத் துறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்கு அறையின் கதவருகே ஒரு நாற்காலி போடுங்கள். இரண்டு அமர்விலும் அவர் பேசக் கூடாது. செனட்டர்களுக்குச் சீட்டு எழுதி அனுப்பலாம். படிப்பதும் கிழிப்பதும் அவர்கள் விருப்பம். ஒரு முறை இந்தப் பாத்திரம் ஏற்ற மாணவி இரண்டு மணி நேரத்தில் 11 சீட்டு எழுதினாள். மூன்றுதான் பிரிக்கப்பட்டன. பிரிக்காத எட்டையும் நிகழ்ச்சி முடிந்த பிறகு தரையிலிருந்து பொறுக்கிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான்காம் படி: வாதங்களை நேருக்கு நேர் மோதவிடுங்கள்

அணி அணியாகப் பேச்சு எழுதி வாசிக்க விட்டால் இரண்டு தண்டவாளம் போல ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே முட்டுகிறது என்பதை நீங்கள்தான் முன்கூட்டிக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

முதல் முட்டல், சாசனம். 1898 டிசம்பர் 6 அன்று வெஸ்ட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: நிரந்தரக் காலனியாக வைத்துக்கொள்வதற்காக நிலம் பெறும் அதிகாரம் அமெரிக்க அரசுக்குச் சாசனத்தில் இல்லை. ஒரு நாள் மாநிலமாக்கும் எண்ணத்தோடுதான் நிலம் சேர்க்கலாம் என்பது அவர் நிலை. பிளாட்டின் பதில் வேறு வழியில் வரும். ஒரு தேசம் என்று இருந்தாலே நிலம் பெறும் உரிமையும், பெற்றதை ஆளும் உரிமையும் கூடவே வரும்; சாசனம் அதைத் தடுத்த இடத்தைக் காட்டுங்கள் என்பார். ஒருவர் "எங்கே அனுமதி?" என்கிறார், மற்றவர் "எங்கே தடை?" என்கிறார். இந்த வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

இரண்டாவது முட்டல்தான் விவாதத்தின் வயிறு: சம்மதம். ஹோரின் வாதம், ஒரு மக்கள்கூட்டத்தின் மீதான ஆட்சி உரிமையை இன்னொருவரிடமிருந்து விலைக்கு வாங்க முடியாது என்பது. எதிர்க்கேள்விகளை ஆதரவு அணிக்கு நான் முன்பே கொடுத்துவிடுவேன். லூசியானாவில் யாரைக் கேட்டீர்கள்? புளோரிடாவில்? 1867இல் அலாஸ்காவில்? பழங்குடிகளைக் கேட்டா அவர்கள் நிலத்தை ஆள்கிறீர்கள்? கடைசியாக, ஹோரை உட்கார வைக்கும் கேள்வி: ஹவாய்க்கு ஆதரவாக நீங்களே வாக்களித்தீர்களே, ஓராண்டுகூட ஆகவில்லையே? ஹோராக நிற்பவர் இங்கே தடுமாறுவார், தடுமாறட்டும். அவருக்குத் தப்பிக்க ஒரு வழி உண்டு. பழைய நிலங்கள் ஆள் குறைந்தவை, மாநிலமாகப் போகின்றவை. இங்கே பல லட்சம் மக்கள், சொந்த அரசு, சொந்தப் படையோடு நிற்கிறார்கள் என்று பிரித்துக் காட்ட வேண்டும். அது போதுமா என்பதை வெற்றுச் சீட்டுக்காரர்கள் முடிவு செய்வார்கள்.

லாட்ஜைத் திணறடிக்கவும் ஒரு கேள்வி வேண்டும் அல்லவா? "கியூபாவைத் துறக்கச் செய்தீர்கள், பிலிப்பைன்ஸை மட்டும் ஏன் ஒப்படைக்கச் சொன்னீர்கள்? வினைச்சொல்லை மாற்றினால் போதுமே." இதையேதான் எதிர்ப்பாளர்கள் கடைசி நாளில் திருத்தமாகக் கொண்டுவந்தார்கள்: பிலிப்பைன்ஸையும் கியூபாவின் நிலையில் வையுங்கள். திருத்தம் தோற்றது. லாட்ஜின் பதில் தந்திரமானது. இந்த ஒப்பந்தம் எந்தக் கொள்கைக்கும் உங்களைக் கட்டிப்போடவில்லை, தீவுகளை என்ன செய்வது என்று பிறகு நாமே முடிவு செய்யலாம். அமெரிக்க மக்களை நம்புங்கள் என்பார். கூடவே, மூன்றில் ஒரு பங்குச் சிறுபான்மையின் பேச்சைக் கேட்டு, நாங்கள் அளவுக்கு மீறி வென்றுவிட்டோம் என்று சொல்ல அதிபரை ஸ்பெயினின் வாசலுக்குத் தொப்பியைக் கையில் ஏந்தி அனுப்பப் போகிறீர்களா என்று கிண்டலும் செய்வார். செனட்டில் அவர் ஏறக்குறைய அப்படித்தான் பேசினார்.

மூன்றாவது, "சரி, வேறு என்ன செய்வது?" எதிரணியின் பலவீனம் இதில் இருக்கிறது. ஸ்பெயினிடமே திருப்பிக் கொடுப்பதா? மணிலா விரிகுடாவில் ஜெர்மன் கப்பல்கள் சுற்றிக்கொண்டிருந்தன, அவர்கள் எடுத்துக்கொண்டால்? முழு விடுதலையா, அமெரிக்கப் பாதுகாப்பின் கீழ் ஒரு நாடா? எதிரணி ஆளுக்கொரு பதில் சொல்லும். வரலாற்றிலும் அப்படித்தான்.

சீனச் சந்தைக்கு மணிலா வாசற்படி என்ற வாதம், கியூபச் சர்க்கரையோடு பிலிப்பைன்ஸ் சர்க்கரையும் வந்தால் நம் கதி என்ன என்ற கரும்பு மாநிலங்களின் அச்சம், மலிவுக் கூலி பற்றிச் சாமுவேல் காம்பர்ஸ் போன்ற தொழிற்சங்கத் தலைவர்களின் கவலை ஆகியவற்றுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

இனம் பற்றிய பகுதியை ஒதுக்கிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். ஒதுக்காதீர்கள். ஆதரித்தவர்களெல்லாம் நிறவெறியர்கள், எதிர்த்தவர்களெல்லாம் சமத்துவவாதிகள் என்ற வசதியான படம் இங்கே உடைகிறது. தன் மாநிலத்துக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்ததில் வெளிப்படையாகப் பெருமைப்பட்ட டில்மன் எதிர்ப்பு அணியில் இருந்தார். ஆசியர்கள் குடிமக்களாக வந்து கலந்துவிடுவார்கள் என்பதே அவரைப் போன்ற பலரின் பயம். மறுபக்கம் ஆதரவாளர்கள், இவர்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளத் தெரியாது என்றார்கள். ஒரே தப்பெண்ணம் இரண்டு எதிரெதிர் வாக்குகளாக மாறியது. டில்மனாக வருபவர் அன்றைய வசைச்சொற்களைப் பேச வேண்டியதில்லை; அவர் வாதத்தின் சாரத்தைப் படர்க்கையில் சொன்னால் போதும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஹோர் இந்தக் கூட்டாளியோடு சேர்ந்து வாக்களிக்க வேண்டியிருந்தது. அவராக நின்ற மாணவர் என்னிடம் வந்து, "சார், நான் டில்மன் பக்கத்தில் உட்கார மாட்டேன்" என்றார். உட்கார வைத்தேன்.

ஐந்தாம் படி: பிப்ரவரி 6க்குப் பின் நடந்ததைப் பேசுபவருக்கு அபராதம்

இந்த விதி இல்லாவிட்டால் எல்லாம் பாழ். பின்னால் வந்த போரில் 4,200க்கு மேற்பட்ட அமெரிக்கர்களும் சுமார் 20,000 பிலிப்பினோ போராளிகளும் இறந்தார்கள், வன்முறையிலும் பஞ்சத்திலும் நோயிலும் 2 லட்சம் வரை பொதுமக்கள் மாண்டார்கள் என்பது நமக்குத் தெரியும். ஹோருக்குத் தெரியாது. பின்னறிவோடு பேசுபவர் ஒரு நிமிடம் இழப்பார்.

இணையத்தில் தேடிப் படித்துவிட்டு வருபவர்கள் தவறாமல் விழும் மூன்று குழிகள் உண்டு. ஒன்று, மார்க் ட்வைன். அவர் ஏகாதிபத்திய எதிர்ப்பாளர் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிலைக்கு வந்ததை அவர் வெளிப்படையாக அறிவித்தது 1900 அக்டோபரில், இந்த உடன்படிக்கையைக் கவனமாக வாசித்த பிறகே தன் கருத்து மாறியது என்று சொல்லி. 1899 ஜனவரி விவாதத்தில் அவரை மேற்கோள் காட்ட முடியாது. இரண்டு, இந்தியானாவின் ஆல்பர்ட் பெவரிட்ஜ். விரிவாக்கத்துக்கு அவரைப் போல முழங்கியவர் யாரும் இல்லை என்பதால் ஆதரவு அணி அவரைத் தூக்கிக்கொண்டு வரும். அவர் செனட்டில் அடியெடுத்து வைத்தது உடன்படிக்கை நிறைவேறிய பிறகுதான்; அவருடைய புகழ்பெற்ற பிலிப்பைன்ஸ் உரை 1900 ஜனவரி. மூன்று, அதிபர் மெக்கின்லி வெள்ளை மாளிகையில் இரவில் மண்டியிட்டுப் பிரார்த்தித்து, பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்ளும் முடிவுக்கு வந்தார் என்ற கதை. பாடநூல்களுக்குப் பிடித்த கதை. அது அச்சில் வந்தது 1903இல். மெக்கின்லி 1901இலேயே கொல்லப்பட்டுவிட்டார். நேரில் கேட்டதாக எழுதியவர் ஒருவர். அவர் நினைவை எவ்வளவு நம்பலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

இந்தக் குழிகளை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். யாராவது விழட்டும், பிறகு தேதிச் சுவரைக் காட்டுங்கள். அதன்பின் எல்லோரும் தேதி பார்த்துத்தான் வாயைத் திறப்பார்கள்.

ஆறாம் படி: இரண்டு அமர்வு, ஒரு தந்தி, ஒரு வாக்கெடுப்பு

உடன்படிக்கை மீதான செனட் விவாதம் அந்தக் காலத்தில் மூடிய கதவுக்குள் நடக்கும். பார்வையாளர் மாடம் கேட்ட பெரிய உரைகள் வெஸ்ட் தீர்மானம் போன்றவற்றின் மீது நிகழ்ந்தவை. அதே அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் திறந்த அமர்வு: குடியரசு காலனி வைத்திருக்கலாமா என்ற கொள்கை விவாதம். நிருபர்கள் குறிப்பெடுத்து மறுநாள் காலை ஒரு பக்கச் செய்தித்தாள் ஒட்ட வேண்டும். இரண்டாம் நாள் நிருபர்கள், பிரையன், அகோன்சில்யோ எல்லோரும் கதவுக்கு வெளியே. நடைபாதையில் நின்றால் உள்ளே எழும் குரல் கேட்கும், சொற்கள் கேட்காது. அதுவே நமக்கு வேண்டியது.

இரண்டாம் நாள் விவாதம் பாதியில் இருக்கும்போது எல்லாச் செனட்டர்களிடமும் பெயர் எழுதாத சோதனை வாக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். பத்து நிமிடம் கழித்துத் தந்தியை உள்ளே அனுப்புங்கள். சனிக்கிழமை இரவு மணிலாவில் சண்டை மூண்டுவிட்டது, கிளர்ச்சியாளர்கள் தொடங்கினார்கள். அவ்வளவே. முதலில் சுட்டது நெப்ராஸ்கா படைப்பிரிவின் அமெரிக்கக் காவல் வீரர் என்பதைத் தந்தியில் எழுதாதீர்கள், ஏனென்றால் வாஷிங்டனை எட்டிய செய்தியில் அது இல்லை. தந்தி வந்ததும் அகோன்சில்யோவைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று யாராவது எழுந்தால், நாற்காலி காலியாக இருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் அவர் கனடாவுக்குப் போய்விட்டார்.

பிறகு அரை மணி நேரத்துக்குள் வாக்கெடுப்பு. கை தூக்கச் சொல்லாதீர்கள். அவைத் தலைவர் பெயரை வாசிக்க, ஒவ்வொருவரும் எழுந்து ஆம், இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக வீரமாகப் பேசியவரின் குரல் அந்த ஒரு சொல்லில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சோதனை வாக்கையும் இறுதி வாக்கையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். தந்தி எத்தனை பேரைத் திருப்பியது? உண்மையான செனட்டில் அது எத்தனை பேரைத் திருப்பியது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

ஒரு கணக்குத் திருத்தம். 84 பேரில் 56 போதும், கிடைத்தது 57; ஆகவே "ஒரே வாக்கில் நிறைவேறியது" என்று எழுதுவார்கள். ஒருவர் மட்டும் மாறியிருந்தால் 56க்கு 28, அப்போதும் நிறைவேறியிருக்கும். தோற்கடிக்க இரண்டு பேர் மாறியிருக்க வேண்டும். மெக்எனரியும் மெக்லாரினும் இரண்டு பேர்.

ஏழாம் படி: முடிந்த பிறகு மூன்று உறைகள்

உங்கள் செனட் ஒப்பந்தத்தை நிராகரித்திருந்தாலும் கவலை இல்லை. என் வகுப்பில் அப்படி ஆகியிருக்கிறது. உறைகளைத் திறக்கலாம்.

முதல் உறை பிரையனுக்கு. உடன்படிக்கை நிறைவேறி எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 14 அன்று, நிலையான அரசு அமைந்ததும் பிலிப்பைன்ஸுக்கு விடுதலை தருவோம் என்று உறுதியளிக்கும் ஜார்ஜியா செனட்டர் பேகனின் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 29க்கு 29. துணை அதிபர் ஹோபர்ட் தன் வாக்கைப் போட்டு அதைத் தோற்கடித்தார். பெரும்பான்மையை வைத்து விடுதலை கொடுக்கலாம் என்ற பிரையனின் கணக்கு அந்த ஒற்றை வாக்கில் பொய்த்தது. பிரையனாக நடித்தவரை இதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது உறை மெக்எனரிக்கு. அவரைத் திருப்தி செய்யக் கொண்டுவந்த தீர்மானம் அதே நாளில் 26க்கு 22 என்று செனட்டில் தேறியது. தீவு மக்களைக் குடிமக்களாக்கும் எண்ணமும் தீவுகளை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை என்றது அது. கீழவையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது 1946 ஜூலை 4 அன்று. போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் இன்றும் அமெரிக்கக் கொடியின் கீழ் உள்ளன. அங்கே வசிப்பவர்களுக்கு அதிபர் தேர்தலில் வாக்கு இல்லை. ஒன்பதாம் ஷரத்தில் சிவப்பு வட்டம் போட்டவர்கள் இப்போது நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மூன்றாவது உறை நூல் கட்டிய இருவருக்கு. உள்ளே இரண்டு தீவுப் பெயர்கள் மட்டும்: சிபுத்து, காகயான் டி சுலு. வரைபடத்தில் தேடச் சொல்லுங்கள். தென்மேற்கில், நூல் மடியும் மூலையில், இரண்டும் நூலுக்கு வெளியே கிடக்கும், சிபுத்து மயிரிழையில். மாணவர்கள் குண்டூசியைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். குண்டூசி சரியாகவே இருக்கிறது. கிரையப் பத்திரத்தில் எல்லையைத் தப்பாக எழுதியிருந்தார்கள். 1900 நவம்பர் 7 அன்று வாஷிங்டனில் இன்னொரு பத்திரம் போட்டு, ஸ்பெயினுக்கு மேலும் 1 லட்சம் டாலர் கொடுத்து, அந்த இரண்டையும் வாங்கினார்கள். அதற்கும் அந்தத் தீவுக்காரர்களை யாரும் கேட்கவில்லை.